புனித வெள்ளி ஆராதனைக்கு யூத நண்பரை அழைத்துப் போனேன். இப்போது என்ன செய்வது என்று கேட்கிறேன்

பின்வரிசைப் பாடகன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு ஆறு வருஷமாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் யூதர். ரொம்பக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர் இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எந்த வேலையானாலும் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை எங்கள் குடும்பத்தை ஓய்வுநாள் விருந்துக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி விளக்கேற்றிக் கண்ணை மூடி ஜெபித்தார், அப்புறம் இவர் எழுந்து போய் பிள்ளைகள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து எபிரேயத்தில் ஆசீர்வதித்தார். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்" என்று எண்ணாகமத்தில் வருகிறதே, அதே வார்த்தைகள்தான் என்று பிறகு சொன்னார். எங்கள் சபையில் ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்திச் சொல்வதும் அதுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்த அன்புக்குப் பதிலாக நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்த வருஷம் புனித வெள்ளி பன்னிரண்டு மணி ஆராதனைக்கு அவரைக் கூப்பிட்டேன். வந்தார். எங்கள் சபையில் இயேசுவின் பாடுகளின் வாசிப்பை ஆள் பிரித்து வாசிப்போம், பிலாத்துவுக்கு ஒருவர், இயேசுவுக்கு ஒருவர், கூட்டத்தின் வரிகளைச் சபையார் எல்லாரும் சேர்ந்து. மத்தேயு 27:25 வந்தது. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று முந்நூறு பேர் ஒரே குரலில் சொன்னோம், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு நானும்தான் சொன்னேன். சொல்லும்போதே ஓரக்கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த வாசிப்புத் தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், பிறகு அதை விரிக்கவே இல்லை.

வெளியே வந்து பாடல்கள் நன்றாக இருந்தன என்றார். ஒரு வாரம் கழித்துத்தான் மெதுவாகச் சொன்னார்: தாத்தா சின்ன வயதில் இருந்த ஊரில் புனித வெள்ளியன்று யூதப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம், ஆராதனை முடிந்து வருகிறவர்கள் கல்லெறிவார்கள் என்பதால். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது எங்கள் போதகரும் பக்கத்து யூத ஜெப ஆலயத்தின் குருவான ரபியும் பேசி, இரண்டு பக்கத்து மக்களும் பழகுவதற்கு ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்து, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மேடை போட்டு இரண்டு பேருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக் கலைகிற கூட்டமாக அது ஆகிவிடக்கூடாது. எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த வசனத்தை என்ன செய்வது? வேதத்தை வெட்டவும் முடியாது, இனிமேல் அதைப் பழையபடி வாசிக்கவும் என்னால் முடியாது.

ஓய்வுபெற்ற போதகர்:

தம்பி, கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் சபைக்குள்ளேயே, யூதர் ஒருவரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், பிரசங்கத்திலும் ஞாயிறு பாடசாலையிலும் அவர்களைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று காது கொடுத்துக் கேளுங்கள். நாற்பது வருஷம் பிரசங்கம் செய்தவன் சொல்கிறேன், "பரிசேயன்" என்ற சொல்லை, அது இயேசு காலத்து யூத மதப் பிரிவு ஒன்றின் பெயர், மாய்மாலக்காரன் என்ற அர்த்தத்தில் நான் எத்தனை தடவை பிரசங்கபீடத்தில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஏரோது கொலை செய்யத் தேடுகிறான், இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்தான் (லூக்கா 13). அப்போஸ்தலரைக் கொல்ல வேண்டாம் என்று ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து நின்ற கமாலியேல் பரிசேயர். மனந்திரும்பிப் பல வருஷம் ஆன பிறகும் பவுல் "நான் பரிசேயன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். இதையெல்லாம் நான் வாசித்துத்தான் இருந்தேன், ஆனால் மனதில் பதியவில்லை.

வசனத்துக்கு வருகிறேன். சிலுவை ரோமருடைய தண்டனை. தீர்ப்புச் சொன்னது ரோம தேசாதிபதி பிலாத்து, ஆணி அடித்தது ரோமப் போர்ச்சேவகர். காய்பாவைப் பிரதான ஆசாரியன் பதவியில் அமர்த்தியதும் ரோம அதிகாரம்தான். கையைக் கழுவிய பிலாத்து மென்மையான ஆள் இல்லை, கி.பி. 36-ல் சமாரியரைக் கொன்று குவித்ததற்காக ரோமாபுரிக்குப் பதில் சொல்லப் போக வேண்டியதாகிவிட்டது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். முற்றத்தில் கூச்சலிட்டது ஒரு நகரத்தில் ஒரு காலைநேரத்தில் கூடிய ஒரு கூட்டம். யூதர்களில் பெரும்பகுதியினர் அப்போது எருசலேமுக்கு வெளியே, பாபிலோனிலும் அலெக்சாந்திரியாவிலும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்குச் செய்தியே தெரியாது. சிலுவையண்டையில் அழுதுகொண்டு நின்ற ஸ்திரீகளும் யூதர்கள்தானே?

யோவான் சுவிசேஷத்தில் "யூதர்கள்" என்ற சொல் ஏறக்குறைய 70 முறை வருகிறது. "யூதர்களுக்குப் பயந்ததினால்" சீஷர்கள் கதவைப் பூட்டியிருந்தார்கள் என்று 20-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். உள்ளே இருந்த அத்தனை பேரும் யூதர்கள்! குடும்பத்துக்குள் நடந்த சண்டையின் வார்த்தைகள் அவை. அந்தச் சண்டையை வெளியே இருந்து வந்த நாம் எடுத்து, பின்னால் அதிகாரமும் சேர்ந்ததும், கல்லாக்கி எறிந்தோம்.

எறிந்தோம் என்று சும்மா சொல்லவில்லை. 1096-ல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதக் குடும்பங்களைக் கொன்றன. 1215-ல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் யூதர் உடையிலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று கட்டளையிட்டது. 1290-ல் இங்கிலாந்து, 1492-ல் ஸ்பெயின், இரண்டிலிருந்தும் ஒட்டுமொத்தமாகத் துரத்தப்பட்டார்கள். நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். 1543-ல் லுத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதியதில் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள் என்று இருப்பதை எனக்கு வேதாகமக் கல்லூரியில்கூட யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 1994-ல் அந்த எழுத்துகளைத் தள்ளி அறிக்கை விட்டபோதுதான் தேடிப் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

திருந்தியதற்கும் கதை உண்டு, அதில் ஒரு கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜூல் இசாக் என்று பிரான்ஸில் ஒரு யூத வரலாற்றாசிரியர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடநூல் எழுதியவர். மனைவியையும் மகளையும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் பறிகொடுத்தார். இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று சுவிசேஷங்களையும் சபையின் போதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். 1947-ல் சுவிட்சர்லாந்தின் சேலிஸ்பெர்கில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் கூடி, சபைகள் எதைப் போதிக்கலாம் எதைப் போதிக்கக்கூடாது என்று பத்துக் குறிப்புகள் வெளியிட்டபோது அதற்கு அடிப்படையே இவருடைய வேலைதான். 1960 ஜூன் மாதம், 82 வயதில், திருத்தந்தை 23-ஆம் யோவானை நேரில் பார்த்தார். கொஞ்சமாவது நம்பிக்கையோடு போகலாமா என்று கேட்டவரிடம், நம்பிக்கையைவிட அதிகத்துக்கே உங்களுக்கு உரிமை உண்டு என்றாராம் திருத்தந்தை. புனித வெள்ளி ஜெபத்தில் யூதர்களைக் குறித்து இருந்த "விசுவாசமற்ற" என்ற பொருள்படும் சொல்லை அதற்கு முந்தைய வருஷமே எடுத்துவிட்டவர் அவர். இசாக் 1963-ல் இறந்தார். 1965 அக்டோபர் 28-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை வந்தது: பாடுகளின்போது நடந்ததற்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்மேலும், இன்றுள்ள யூதர்மேலும் பழி போடக்கூடாது. 2,221 பேர் ஆதரவு, 88 பேர் எதிர்ப்பு. கிழவர் பார்க்கவில்லை.

அதனால் வசனத்தை வெட்ட வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். வாசிப்புக்கு முன்னால் இரண்டு நிமிஷம் போதகர் நின்று இதைச் சொல்லட்டும். அந்த வரியைச் சபையார் சேர்ந்து சொல்லியே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஒருவர் வாசித்தால் போதும்.

நகோமி:

ஐயா எழுதியதைப் படித்துக் கண்ணீர் வந்துவிட்டது. நான் படித்தவள் இல்லை, ஆனால் என் மருமகள் யூதப் பெண், பதினோரு வருஷமாக இரண்டு பக்கமும் பார்க்கிறேன். தம்பி, உங்களுக்குச் சில காரியங்களை மட்டும் சொல்கிறேன், இவை எல்லாமே நான் தப்புச் செய்து கற்றவை.

கடவுளின் பெயரை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். நாலு எழுத்தாக எழுதியிருக்கும், வாசிக்கும்போது "அதோனாய்" என்பார்கள், பேச்சில் "ஹஷேம்", அதாவது "அந்தப் பெயர்". நான் ஒரு நாள் சமையல் செய்துகொண்டே "யேகோவா யீரே" என்று சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தேன், மருமகளின் அப்பா கூடத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். மருமகள்தான் பிறகு விளக்கினாள். நம் தமிழ் வேதாகமம்கூட அந்தப் பெயர் வரும் இடத்தில் பெரும்பாலும் "கர்த்தர்" என்றுதான் போடுகிறது, அந்த மரியாதை நம் வேதத்திலேயே இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கத்தோலிக்கர்களும் வழிபாட்டுப் பாடல்களில் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று 2008-ல் வத்திக்கான் சொன்னதாக என் தோழி சொன்னாள். இரண்டு பக்கமும் சேர்ந்து கூடும்போது "கர்த்தர்" என்றே சொல்லுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்குப் போனால் போனை வெளியே எடுக்காதீர்கள், குறிப்பு எழுதாதீர்கள், காணிக்கை என்று பணத்தை நீட்டாதீர்கள். ஓய்வுநாளில் எழுதுவதும் பணம் தொடுவதும் கிடையாது. மோசேயின் ஐந்து ஆகமங்களை எழுதிய தோரா சுருளைக் கையால் தொடமாட்டார்கள், வாசிக்கிறவர் சின்ன வெள்ளிக் கோல் ஒன்றை எழுத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போவார், அதன் நுனியில் சுட்டுவிரல் மாதிரி செய்திருக்கும். அந்தச் சுருள் இருக்கும் பேழையைத் திறக்கும்போது எல்லாரும் எழுந்தால் நீங்களும் எழுந்துகொள்ளுங்கள். மற்றபடி பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பக்கம் எடுத்துக் காட்டுவார். அங்கே சங்கீதம் பாடுவதைக் கேட்டால் அந்நியமாகவே தோன்றாது.

உங்கள் நண்பர் வந்ததால் எல்லாரும் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் பலர் ஆராதனை நடக்கும் தேவாலயத்துக்குள் கால் வைக்கமாட்டார்கள். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவான இடத்தில் கூடுங்கள்.

இன்னொன்று, பெரிய வியாழனில் சில சபைகள் "இயேசு கொண்டாடியது போல" என்று யூத பஸ்கா இரவு விருந்தைத் தாங்களே நடத்துகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் என் மருமகளுக்கு அது ரொம்ப வேதனை. அந்த இரவின் இன்றைய ஒழுங்கு, கி.பி. 70-ல் எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்ட பிறகு ரபிமார்கள் காலத்தில் உருவாகி வந்தது, இயேசுவின் மேசையில் அப்படியே இருந்தது இல்லை. "எங்கள் பாட்டிமார் ஒளிந்திருந்து கொண்டாடியதை எடுத்து வேறு அர்த்தம் கொடுக்கிறார்கள் அத்தை" என்றாள். நாமாக நடத்த வேண்டாம். அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.

சாட்சி:

மரியாதை வேண்டும், கல்லெறிந்தது பாவம், இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போதகர் ஐயாவிடம் நேரடியாகவே கேட்கிறேன். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். யூதரோடு சேர்ந்து உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அது அன்பா? நாம் விசுவாசிப்பதை மறைத்துக்கொண்டு ஒற்றுமை என்றால் அந்த ரபிகூட நம்மை மதிக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற போதகர்:

நல்ல கேள்வி, சகோதரரே, இதைக் கேட்காமல் இந்த உரையாடல் நேர்மையாக இருக்காது. மறைக்கச் சொல்லவில்லை. நீங்கள் இயேசுவை மேசியா என்று அறிக்கையிடுகிறவர் என்று ரபிக்குத் தெரியும், அவர் அப்படி இல்லை என்று உங்களுக்குத் தெரியும், திரித்துவம் அவருக்கு ஒத்துவராத காரியம். இதை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே நண்பர்களாக இருக்கலாம். 2000-ஆம் ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட ரபிமாரும் யூத அறிஞர்களும் கையெழுத்திட்டு கிறிஸ்தவர்களைக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நாம் ஒரே தேவனைத்தான் ஆராதிக்கிறோம் என்று ஆரம்பித்தவர்கள், நமக்குள்ள வேறுபாடு மனிதரால் தீராது, தேவன் உலகம் முழுவதையும் மீட்கும் நாள்வரை இருக்கும் என்றும் எழுதினார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பல நூற்றாண்டுகள் அவர்களிடம் சுவிசேஷம் போன விதம், ஞானஸ்நானம் அல்லது நாடுகடத்தல் என்பது. ஸ்பெயினில் 1492-ல் கொடுத்த தெரிவு அதுதான். அதனால் நீங்கள் கைப்பிரதியை எடுக்கும்போது அவர் காதில் விழுவது உங்கள் குரல் மட்டும் இல்லை. யூதர்களை மதம் மாற்றுவதற்கென்று நிறுவனமாக எந்த ஊழியமும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதில்லை, ஆதரிப்பதும் இல்லை என்று 2015-ல் வத்திக்கான் ஆவணம் ஒன்று சொன்னது, விசுவாசிகள் தாழ்மையோடு சாட்சியாக வாழ்வதை அது தடுக்கவில்லை. என் சபைப் பிரிவிலேயே எல்லாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் ரோமர் 11-இல் நிற்கிறேன். இஸ்ரவேல் என்ற ஒலிவமரத்தில் காட்டொலிவக் கிளையாகிய நம்மை ஒட்டவைத்தார்கள், "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது" என்று அங்கேயே எழுதியிருக்கிறது. யூதரைக் குறித்துப் பெருமையடித்துப் பேசாதே என்று பவுல் புறஜாதியாருக்குத்தான் சொன்னார், அந்தப் புறஜாதியார் நாம்தான்.

மலைவழி:

நான் 2022-ல் ஜெர்மனியின் ஓபராமர்காவில் அந்தப் பிரபலமான பாடுகளின் நாடகத்தைப் பார்த்தேன், அதைச் சொன்னால் வசனக் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிறேன். 1634-லிருந்து ஊர் மக்களே நடிக்கிறார்கள், கொள்ளைநோயிலிருந்து காத்தால் நடத்துவோம் என்ற நேர்த்திக்கடன். நீண்ட காலம் அந்த நாடகத்தில் யூதர்கள் கொடூரமாகவே வருவார்கள். 1934-ல் ஹிட்லர் வந்து பார்த்துப் பாராட்டியிருக்கிறான். போருக்குப் பிறகு யூத அமைப்புகள் பல வருஷம் விடாமல் பேசின, ஊருக்குள்ளேயே சண்டை நடந்தது, 1990-லிருந்து இயக்கும் கிறிஸ்டியான் ஷ்டூக்கல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். இரத்தப்பழி வரி இப்போது அந்த நாடகத்தில் இல்லை. நான் பார்த்தபோது இயேசு தோரா சுருளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார், மேடை நிறைந்த கூட்டம் "ஷேமா இஸ்ராயேல்" என்று எபிரேயத்தில் பாடியது, "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6-இல் வருமே அது. எந்தக் கட்டளை பிரதானம் என்று கேட்டவனுக்கு இயேசு முதலில் சொன்னதும் அதுதானே. என் பக்கத்து இருக்கைக்காரர் வாய்க்குள்ளேயே சேர்ந்து சொன்னார். யூதர் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயமும் வந்தே தீரும், இஸ்ரேல்–பாலஸ்தீனம். முதல் கூட்டத்தில் அதை எடுக்காதீர்கள், ஆனால் பேசவே கூடாது என்று தடையும் போடாதீர்கள். ஒரு அரசாங்கம் செய்வதற்கு உங்கள் நண்பரைப் பதில் சொல்லச் சொல்லாதீர்கள். பெத்லகேமிலும் ராமல்லாவிலும் இருக்கும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களை மறக்கவும் வேண்டாம், அவர்களும் நம் சபைதான். நம்மில் சிலர் யூதர்மேல் காட்டும் பாசம் கடைசிக்கால அட்டவணையில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதற்காக மட்டும்தான், அதை அவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நடத்தும் விதத்துக்கு என் யோசனை: சொற்பொழிவு வேண்டாம். அவர்களிடம் "ஹவ்ரூத்தா" என்று ஒரு முறை இருக்கிறது, இரண்டு பேர் ஒரு பகுதியை நடுவில் வைத்து வரி வரியாக வாதாடிப் படிப்பது. ஒரு யூதர், ஒரு கிறிஸ்தவர், ஒரு சங்கீதம். சத்தம் கூடத்தான் செய்யும், அது நல்லது.

பின்வரிசைப் பாடகன்:

எல்லாருக்கும் நன்றி. நகோமி அம்மா, போன வாரம் பாடல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், மூன்று பாட்டில் அந்தப் பெயர் இருக்கிறது, கூட்டு நிகழ்ச்சிக்கு வேறு பாட்டு எடுக்கிறோம். சாட்சி அண்ணன், உங்கள் கேள்வியை எங்கள் போதகரிடம் அப்படியே காட்டினேன், ரபியிடமும் அதையே கேட்கப்போவதாகச் சொன்னார்.

மலைவழி சொன்ன மாதிரி ஆரம்பிக்கிறோம். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், நூலகக் கூடத்தில் நாலு வாரம். முதல் வாரம் 22-ஆம் சங்கீதம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதை நாங்கள் சிலுவையில் கேட்கிறோம், எஸ்தர் ராணி ராஜாவிடம் போகும்போது ஜெபித்ததாக அவர்கள் மரபில் சொல்கிறார்களாம். நண்பர்தான் அந்தச் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருஷ வாசிப்பைத் திருத்துகிறோம் என்று சொல்லி, தாளை அவர் பார்க்க முடியுமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிப் போனார். நேற்று திருப்பிக் கொடுத்தார், மறுபடியும் நாலாக மடித்துத்தான். விரித்துப் பார்த்தால் ஒரு வரியையும் அடிக்கவில்லை. "யூதர்கள்" என்று வரும் இடங்களில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "எந்த யூதர்கள்? பேதுருவுமா? மரியாளுமா?"

அந்தத் தாளை அப்படியே போதகரிடம் கொடுத்திருக்கிறேன்.